பாமினியில் எழுதியது

இதை வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கும் உங்களுக்கு என் பணிவான வணக்கம். நான் எழுத்தாளன் அல்லன். சங்கக் கூட்டங்களின் அறிக்கைகளையும் சில நன்றியுரைகளையும் தவிர, சொந்தமாக எதையும் எழுதிப் பழக்கம் இல்லாதவன். ஆகவே சொல்லும் முறையில் குறைகள் இருந்தால் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன்.

முதலில் கணினிகளைப் பற்றி ஒரு சிறிய விடயத்தைச் சொல்ல அனுமதியுங்கள். எழும்ப மறுக்கும் கணினிகளில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல. திரை கறுப்பாக நின்றுவிட்டால், உள்ளே இருந்த எல்லாம் போய்விட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைத்துக் கலங்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு, அவர்கள் தந்த தேநீர் ஆறுவதற்குள் நான் கணினியைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னால் மறுத்ததும் இல்லை. இலண்டனில் எங்கள் ஆட்களிடையே இது ஒரு வழக்கம். கூலி வாங்காமல் உதவி செய்பவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவர் சொன்னதே முடிவு.

என் பெயர் ஜீவரத்தினம். யாழ்ப்பாணத்தில் வர்த்தகம் படித்தேன். பிறகு ஜெர்மனியில் பல வருடங்கள் இருந்தேன். அங்கே எங்கள் சங்கத்தின் செய்திமடலைத் தட்டச்சு செய்து கொடுத்ததில்தான் கணினி பழகினேன். இலண்டனுக்கு வந்த பிறகு, மிச்சம் (Mitcham) என்னும் புறநகரில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தின் அலுவலகத்தில் வேலை. மணம் முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நீளமானவை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எனக்காக நிரப்பியவர் தியாகராஜா அண்ணை. டூட்டிங்கில் மனைவி சிவனேஸ்வரி அக்காவோடும் ஒரே மகள் தர்மிகாவோடும் வசித்தார். ஊரில் மருந்தாளராக இருந்தவர். இங்கே வைத்தியசாலைகளில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றிருந்தார். ஓய்வுக்குப் பிறகு ஓர் அகராதியைத் தொகுக்கத் தொடங்கினார். நம்மவர் தம் நோவைச் சொல்லும் சொற்களையெல்லாம் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எந்த ஊர் மொழிபெயர்ப்பாளருக்கும் விளங்கும் பொதுத்தமிழ் விளக்கம் எழுதுவது அவருடைய எண்ணம்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் வைத்தியரிடம் "எனக்குக் களைக்குது" என்று சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தவருக்கு அது மூச்சு முட்டுகிறது என்று பொருள். தொலைபேசியில் மொழிபெயர்த்தவர் இந்தியாவைச் சேர்ந்தவர். சோர்வாக இருக்கிறதாம் என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டார். ஓய்வெடுக்கும்படி கூறி முதியவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அதிக நாள் இருக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அண்ணை தன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அண்ணைக்குக் கை நடுங்கும். ஆகவே அவர் சொல்லச் சொல்ல, அவருடைய கணினியில் நான் தட்டச்சு செய்வேன். பல வருட ஞாயிறுகள் அவ்வாறு சென்றன. அவர் சொல்லைத் தருவார். விளக்கத்தை நான் செப்பம் செய்வேன். சில விளக்கங்கள் முழுவதும் என்னுடையவை. உதாரணமாக, 'அந்தரம்' என்ற சொல்லுக்கு அண்ணையால் விளக்கம் சொல்ல முடியவில்லை. "இன்னதென்று சொல்ல இயலாத, இருக்கவும் விடாத எழுந்து நிற்கவும் விடாத வேதனை" என்று நான் எழுதினேன். அண்ணை அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு "ம், இருக்கட்டும்" என்றார்.

இங்கே எழுத்துருவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நம்மவர் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். அது ஒரு முகமூடி போன்றது. கணினிக்குள் பதிவது ஆங்கில எழுத்துக்களே. பாமினி அவற்றுக்கு மேல் தமிழ் வடிவத்தை அணிவித்துக் காட்டும். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நீங்கள் அடித்தால் திரையில் 'அம்மா' என்று தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், எம், கே, அரைப்புள்ளி என்று பொருளற்ற குப்பையாகத் தெரியும். எதுவும் அழிந்திருக்காது. எழுத்துருவைப் போட்டவுடன் அம்மா திரும்பி வந்துவிடுவார்.

இது எனக்குத் தெரியும். அண்ணைக்குத் தெரியாது. அவர் எப்போதும் என் தோளுக்குப் பின்னாலிருந்து திரையில் தமிழையே பார்த்தவர். இடம் குறைவாகப் பிடிக்கும் என்பதால் நான் எல்லாவற்றையும் வெறும் உரைக்கோப்புகளாக நோட்பாட் என்னும் நிரலில் சேமித்தேன். அவற்றில் எழுத்துருவின் பெயர் எங்கும் பதிவாவதில்லை. அது என் பழக்கம். அதில் உள்நோக்கம் எதுவும் இருக்கவில்லை என்பதைத் தயவுசெய்து நம்புங்கள். பிழைதிருத்தம் பார்த்த தாள்களையும் நானே வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுவேன். அதுவும் பழக்கந்தான்.

அகராதி முடிவடையும் தறுவாயில் இருந்தபோது, இல்ஃபோர்டிலிருந்து செபமாலைமுத்து மாஸ்டர் வந்தார். நூல் வெளியீட்டு விழாக்களை ஒழுங்கு செய்வதில் கைதேர்ந்தவர். பொங்கலை ஒட்டி மண்டபம் எடுக்கலாம், யார் தலைமை, யார் ஆய்வுரை என்றெல்லாம் சாப்பாட்டு மேசையில் பேசினார்கள். நான் குழம்புச் சட்டியை மாஸ்டரின் பக்கம் நகர்த்தினேன். அப்போதுதான் அவர் என்னைக் கவனித்து, தம்பி யார் என்று கேட்டார்.

"இவர் ஜீவரத்தினம். எங்கட ரைப் அடிக்கிற ஆள்," என்றார் அண்ணை. "நல்ல மெசின். சத்தமே வராது."

மாஸ்டர் சிரித்தார். "அப்ப ரிப்பேர் செலவும் இல்லை எண்டு சொல்லுங்கோ."

"சோறு மட்டும் போட்டால் காணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணை அதை அன்பாகத்தான் சொன்னார். இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. அன்று திரும்பும்போது பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை அண்ணை தொலைபேசியில் அழைத்தார். "ஜீவரத்தினம், கொம்பியூட்டர் எழும்புதில்லை. கறுப்பாக் கிடக்கு. பிள்ளை ஏதோ புதுசாப் போட்டவள். கெதியா வாரும்."

தர்மிகா ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தாள். தந்தையின் கணினி வைரசு பிடித்து மெதுவாகிவிட்டது என்று வருந்தி, விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் என்னும் இரண்டாவது இயங்குதளத்தையும் நிறுவியிருந்தாள். அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் செய்திருக்கிறாள். மீண்டும் இயக்கியபோது இரண்டுமே வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு பிழை எண் மட்டும் நின்றது.

நான் போனபோது அவள் முகம் வெளிறியிருந்தது. "அங்கிள், நான் விண்டோஸை அழிக்கேல்ல. பக்கத்தில இடம் ஒதுக்கித்தான் போட்டனான். ஸ்டார்ட் ஆகிற இடத்திலதான் ஏதோ பிழைச்சுப்போச்சு எண்டு நினைக்கிறன்."

அவள் நினைத்தது முற்றிலும் சரி. கோப்புகள் எல்லாம் பதிவாகியிருக்கும் வன்தட்டின் முகப்பில் ஒரு சிறிய இடம் உண்டு. எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்ற குறிப்பு அங்கேதான் இருக்கும். புதிதாக வந்தது அந்தக் குறிப்பை மாற்றி எழுதும்போது பிசகிவிட்டது. வீட்டு இலக்கத்தைப் பிழையாக மாட்டிவிட்டதைப் போல. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோப்புகள் பத்திரமாக இருப்பதை முதலில் அவர்களுக்குக் காட்டிவிட்டால் மனம் ஆறும் என்று எண்ணினேன். தர்மிகா வைத்திருந்த லினக்ஸ் இறுவட்டை, அதாவது சீடியை, போட்டு, அதிலிருந்தே கணினியை இயக்கி, வன்தட்டைத் திறந்தேன். அகராதிக் கோப்புகள் எல்லாம் இருந்தன. ஒன்றைத் திறந்தேன். லினக்ஸில் பாமினி இல்லை என்பதை அந்தக் கணத்தில் நான் மறந்துவிட்டேன். திரை முழுவதும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் நிறைந்தன.

"இதென்ன, இங்கிலீசோ?" என்று அக்கா கேட்டார்.

"இங்கிலீசும் இல்லையம்மா," என்றாள் தர்மிகா. குரல் இறங்கிவிட்டது. "எல்லாம் குழம்பிப்போச்சு."

எழுத்துருதான் இல்லை, பயப்படாதீர்கள் என்று சொல்வதற்கு நான் வாயெடுத்தேன். இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். அதற்குள் அண்ணை என் தோளைப் பிடித்தார். அத்தனை வருடங்களில் அவர் என்னைத் தொட்டது அதுவே முதல் தடவை.

"சொல்லும் ஜீவரத்தினம். என்ரை புத்தகம் போச்சோ?"

"பார்ப்பம் அண்ணை," என்றேன்.

அது பொய் அல்ல. பார்ப்போம் என்பதில் பொய் என்ன இருக்கிறது. ஆட்கள் பக்கத்தில் நின்றால் கவனம் சிதறும் என்று சொல்லி, சிறிது நேரம் என்னைத் தனியே விடுமாறு பணிவாகக் கேட்டுக்கொண்டேன். அவர்கள் சமையல் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் என் பையிலிருந்த விண்டோஸ் இறுவட்டைப் போட்டு, முகப்புக் குறிப்பைத் திருத்தி எழுதும் கட்டளையைக் கொடுத்தேன். கணினி எழும்பியது. நோட்பாடைத் திறந்தேன். அகராதி முழுவதும் தமிழில், ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. முதற்பக்கத்திலேயே 'அந்தரம்' இருந்தது. என் விளக்கத்தை ஒருமுறை வாசித்தேன்.

குசினிக்குள் அண்ணை அழுவது கேட்டது.

நான் அப்போது நினைத்ததை நேர்மையாகச் சொல்கிறேன். இப்போதே கதவைத் திறந்து சரியாகிவிட்டது என்று சொன்னால், அவர்கள் மகிழ்வார்கள், சாப்பாடு போடுவார்கள், மெசின் திறமாக வேலை செய்தது என்று மாஸ்டரிடம் சொல்வார்கள். ஒரு கிழமை பொறுத்து, பெரும்பாடு பட்டு மீட்டுக் கொடுத்தால், அந்த நூலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவர்களுக்கே தோன்றக்கூடும். நானாகக் கேட்பது நாகரிகமாக இருக்காது அல்லவா. ஒரு கிழமை, ஏழே நாள், பெரிய காலம் அல்ல.

எழுத்துருக்கள் இருக்கும் இடத்துக்குப் போய், பாமினியையும் அகராதிக் கோப்புகளையும் என் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, எழுத்துருவை மட்டும் கணினியிலிருந்து நீக்கினேன். நோட்பாட் நிரலின் அமைப்பில் பதிவாகியிருந்த அதன் பெயரையும் மாற்றிவிட்டேன். நான் நீக்கியது ஒரேயொரு சிறு கோப்பு. அண்ணையின் சொற்களில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

பிறகு கதவைத் திறந்து அவர்களை அழைத்தேன்.

கணினி எழும்பிவிட்டதைக் கண்டு தர்மிகா கைகூப்பினாள். நான் கோப்பைத் திறந்தேன். அதே குப்பை. நான் எடுத்துவைத்திருந்த நகல் இறுவட்டுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். இயல்பாகவே, அவையும் அப்படித்தான் தெரிந்தன. வைரசு முன்பே புகுந்திருக்கலாம் என்றேன். பிழைதிருத்திய தாள்களை அவ்வப்போது எறிந்துவிடுவது வழக்கம் என்றும் சொன்னேன். அண்ணை திரையைப் பார்த்துக்கொண்டே மகளிடம் பேசினார். சத்தம் போடவில்லை.

"உன்னை ஆர் தொடச் சொன்னது? என்னைக் கேட்டனியோ? என்னைக் கொன்றுபோட்டாய் பிள்ளை."

அந்தச் சொல்லுக்குப் பிறகு என் நிலைமை சிரமமாகிவிட்டது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள். அடுத்த ஞாயிறு நான் எழுத்துருவைத் திரும்பப் போட்டால், அன்று ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். மகளிடம் அவர் அப்படிப் பேசியபோது நீர் பக்கத்தில் நின்றீர்தானே என்று கேட்பார்கள். தீபாவளி கழியட்டும் என்று எண்ணினேன். தீபாவளி கழிந்தது.

தர்மிகா விடவில்லை. வேலை முடிந்து வந்து அந்தக் கணினியின் முன்னாலேயே இருந்தாள். ஒரு நாள் என் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டாள். மழையில் நனைந்திருந்தாள்.

"அங்கிள், இது என்கோடிங் பிரச்சினையா, எழுத்தைக் காட்டுற முறையில பிழையா இருக்குமோ? எழுத்தெல்லாம் ஒரு ஒழுங்கில வருகுது. சும்மா பழுதானதெண்டால் அப்படி வராது."

அவள் கெட்டிக்காரி. கோப்பில் குறைபாடு எதுவும் இல்லாததால், அவளுக்குத் தெரிந்த வழிகள் ஒன்றும் உதவவில்லை. தமிழை வாசிக்கத் தெரிந்த அவளுக்கு, நம்மவர் இப்படி முகமூடி போட்டுத் தட்டச்சு செய்த காலம் தெரியாது. நான் குடையை அவளுக்கும் சேர்த்துப் பிடித்தேன்.

"நானும் அதைப் பார்த்தனான் பிள்ளை," என்றேன். "அப்படி இல்லை. உள்ளுக்கு அழிஞ்சுபோச்சு. நீர் இனி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதேயும்."

அவள் தலையாட்டினாள். நன்றி சொன்னாள். டிராம் தரிப்பிடம் வரை அவளோடு நடந்தேன்.

வெளியே யாராவது ஒருவரிடம் காட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அப்பர் டூட்டிங் றோட்டில் ஒரு மளிகைக் கடையின் பின்னறையில், விளம்பரத் துண்டுகள் அடித்துக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். அவர் நாள் முழுவதும் பாமினியில்தான் வேலை செய்தார். ஒரு பார்வை போதும். அண்ணை கிழமைக்கு ஒரு தடவையாவது அந்தக் கடைக்குப் போய் முருங்கைக்காய் வாங்குவார். ஆகவே நான் அண்ணையிடம் ஒரு யோசனை சொன்னேன். அப்போது தர்மிகாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, இதை வெளியில கதைக்காதேயுங்கோ. தேப்பன்ரை புத்தகத்தை அழிச்சவள் எண்டு சனம் சொல்லும். பிள்ளையின்ரை பேர் கெட்டுப்போம்."

அண்ணை தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உமக்கு இருக்கிற யோசனை எனக்கு இல்லை," என்றார். அதன்பின் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. விழாவை ஏன் தள்ளிப்போட்டீர்கள் என்று மாஸ்டர் கேட்டபோது, உடம்பு சரியில்லை என்று சொன்னார். மகளைக் காப்பாற்றுவதற்காக அவர் காத்த மௌனம் அது. அவளோடும் அவர் பேசவில்லை என்பது வேறு விடயம். வீட்டில் இருக்க ஏலாமல் தர்மிகா இல்ஃபோர்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சம்பந்தமும் அப்படியே நின்றுபோனது.

நான் தொடர்ந்து போனேன். முன்பைவிட அதிகமாக அழைக்கப்பட்டேன். ஞாயிறு மட்டுமன்றி, வேலை முடிந்த சில மாலைகளிலும் அக்கா அழைப்பார். நான் கணினியின் முன்னால் இருந்து எதையாவது திறந்து மூடுவேன். அண்ணை வாசலில் நின்று "ஏதும் வந்துதோ?" என்று கேட்பார். அக்கா எனக்காக மீன் பொரிப்பார். மறுபடியும் முதலிலிருந்து சொல்லுங்கள், அடிக்கிறேன் என்று ஒருமுறை அண்ணையிடம் சொன்னேன். அவர் முயன்றார். ஒரு சொல்லைத் தொடங்கி, அதன் விளக்கம் நினைவுக்கு வராமல் நிறுத்தினார். "இதெல்லாம் நான் உண்மையா எழுதினனானோ ஜீவரத்தினம்? இல்லாட்டி எழுதினதா நினைச்சனானோ?" என்று கேட்டார். எழுதினீர்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

ஒரு நாள் அவர் மாஸ்டருடன் தொலைபேசியில் பேசியதைக் கேட்டேன். "அந்தப் புத்தகம் நான் தனியச் செய்ததில்லை மாஸ்டர். நானும் ஜீவரத்தினமும் சேர்ந்து செய்தது. அவர் இல்லாட்டி அது இல்லை," என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான் என்று அதுவரை நம்பியிருந்தேன். பென்டிரைவ் என் சட்டைப் பையில் இருந்தது. கணினி பக்கத்து அறையில் இருந்தது. நான் எழுந்து, அக்கா தந்த தேநீரை வாங்கிக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் இருப்பதற்கென்று ஒரு கதிரை வந்துவிட்டது. நூல் திரும்பி வந்தால் மகளும் திரும்பி வருவாள். அந்தக் கதிரை அவளுடையது.

குளிர் முடிவதற்கு முன் அண்ணை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். நெஞ்சில் கோளாறு. நான் அக்காவுடன் போயிருந்தேன். கட்டிலில் கிடந்தபடி "களைக்குது" என்றார். மூச்சு முட்டுகிறது என்று தாதியிடம் நான் சரியாக மொழிபெயர்த்தேன். உடனே முகத்தில் காற்றுக்குழாய் வைத்தார்கள். அந்தச் சொல்லின் அருமையை அறிந்த ஒருவன் அன்று பக்கத்தில் இருந்தது நல்லது என்றே இப்போதும் எண்ணுகிறேன்.

தர்மிகா வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அண்ணை முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. நான் அண்ணையின் காதருகே குனிந்தேன்.

"அண்ணை, பிள்ளையை மன்னியுங்கோ. அவள் அறியாமல் செய்தது."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீர் சொல்லுறீர் எண்டதுக்காக மன்னிக்கிறன்," என்றார். "அவளிட்டைச் சொல்லும்."

நான் நிமிர்ந்து அவளிடம் சொன்னேன். அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தந்தையையும் மகளையும் சேர்த்து வைத்தவன் என்று அந்தக் குடும்பத்தில் இன்றுவரை என்னைச் சொல்கிறார்கள். அண்ணை அந்தக் கிழமையே காலமானார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின், அகராதியை என் நினைவிலிருந்து மீண்டும் எழுதப் பார்க்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். பென்டிரைவில் எல்லாம் இருந்தது. பிழைதிருத்திய தாள்களும் என் கட்டிலின் கீழ் இருந்தன. அவசரப்பட்டால் சந்தேகம் வரும் என்பதால், போதிய காலம் எடுத்துக்கொண்டேன். அத்தனை சொற்களையும் ஒருவர் நினைவில் வைத்திருந்தது கண்டு செபமாலைமுத்து மாஸ்டர் மேடையில் வியந்து பேசினார். அட்டையில் தொகுப்பாசிரியர் என்று என் பெயர் வந்தது. உள்ளே முதற்பக்கத்தில் அண்ணையின் படத்தைப் பெரிதாகவே போட்டேன். சிறிதாகப் போட்டால் போதும் என்று அச்சகத்தார் சொல்லியும் நான் சம்மதிக்கவில்லை.

தர்மிகா ஒரு வேண்டுகோள் வைத்தாள். அந்த நூலில் தானும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றாள். தன் கவனக்குறைவால் அப்பாவின் உழைப்பு அழிந்ததையும், அவர் மனம் உடைந்து போனதையும், கடைசியில் மன்னித்ததையும் எல்லோரும் அறியும்படி சொல்ல வேண்டுமாம். சனம் என்ன சொல்லும் என்று அக்கா தடுத்தார். "சொல்லட்டும் அம்மா. உண்மை அதுதானே," என்றாள். தமிழில் எழுதிப் பழக்கமில்லாதவள் பல நாள் முயன்று எழுதி, என்னிடம் திருத்தித் தரும்படி கொடுத்தாள். சந்திப்பிழைகள் சில இருந்தன. அவற்றை மட்டும் திருத்தினேன். பிறர் எழுதியதில் கருத்தை மாற்றும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் அந்தப் பக்கம் அச்சாகி வந்ததிலிருந்து எனக்கு அந்தரமாக இருக்கிறது. இருக்கவும் இயலவில்லை, எழுந்து நிற்கவும் இயலவில்லை. விளக்கத்தை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். எவ்வளவோ யோசித்தபின், செய்தவற்றை எல்லாம் ஒளிக்காமல் எழுதித் தர்மிகாவிடமே ஒப்படைப்பது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தின் விளைவே நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இது.

அண்ணையின் கணினி இன்னும் அதே அறையில் இருக்கிறது. அது உங்களுடையதுதானே தம்பி, வந்து எழுதுங்கோ என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஆகவே ஞாயிறுகளில் இங்கேயே இருந்து எழுதுகிறேன். எனக்குப் பழகியது பாமினி விசைகள்தான். இந்த வயதில் வேறொன்றைப் பழகுவது சிரமம். எழுத்துரு இந்தக் கணினியில் இல்லாததால், என் திரையிலும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமே ஓடுகின்றன. அதனால் எனக்குத் தடை எதுவும் இல்லை. விரல்களுக்கு வழி தெரியும். முகப்புத் திரையின் நடுவிலேயே, கோப்புக்குத் தர்மிகாவின் பெயரை வைத்து, கண்ணில் படும்படி சேமித்திருக்கிறேன். அதை மறைக்கவோ பூட்டி வைக்கவோ இல்லை.

போன ஞாயிறு அவள் தாயைப் பார்க்க வந்தபோது தன் பெயரைக் கண்டு அதைத் திறந்திருக்கிறாள். நான் வந்ததும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"அங்கிள், எனக்கு ஏதோ எழுதி வச்சிருக்கிறீங்கள். ஆனா அதுவும் அப்பாவின்ரை மாதிரிப் போச்சு. நான் அண்டைக்குச் செய்த பிழை இன்னும் இதுக்குள்ள கிடக்குது போல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள்."

"பரவாயில்லைப் பிள்ளை," என்றேன். "அழாதேயும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு போட்டாள். பென்டிரைவ் வழமைபோல என் சட்டைப் பையில் இருந்தது.

என் கடமையை நான் செய்து முடித்துவிட்டேன். ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டிச் சொல்லாமல், உண்மை முழுவதையும் அவள் கண்முன்னே வைத்துவிட்டேன். வாசிப்பதும் வாசியாமல் விடுவதும் இனி அவளுடைய விருப்பம்.